மண்ணில் ஒரு ஞாயிறு: அணுக்கரு இணைவு ஆராய்ச்சியின் இன்றைய நிலை

ஊவா மலைச்சாரலில் கச்சான் காற்று வறண்டு வீசும் ஆடி, ஆவணி மாதங்கள் தேயிலைக்குப் பேர்போன காலமாகும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் அந்நாட்களில் பறிக்கப்படும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. மடுவத்தில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையை அடைந்த கொழுந்துக்கு இரண்டு வகையில் சக்தி வேண்டியிருக்கிறது. அதனை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். உருட்டும் பொறிகளையும் காற்றாடிகளையும் சுழற்ற மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ தேயிலையைப் பெற ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் பெரும்பாலும் நீரே. அந்நீரை ஆவியாக்கி அகற்றுவதே தேயிலைத் தொழிற்சாலையின் தலையாய வேலை எனலாம்.

இவ்வேலைக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? அடுப்பில் எரியும் விறகு, சூரிய ஒளியைக் கொண்டு வளர்ந்த மரத்தின் உடல். மின்சாரத்தைத் தரும் மலையருவியின் நீரைக் கடலிலிருந்து ஆவியாக எடுத்து மலைமுகட்டில் மழையாகப் பொழிவித்ததும் சூரியனே. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த உயிர்கள் சேமித்து வைத்த சூரிய வெப்பம். ஆகவே, தொழிற்சாலை அடுப்பின் நெருப்பும் லயத்து அறையின் விளக்கும் ஒரே உலையிலிருந்து கடனாகப் பெற்றவை. அவ்வுலை இங்கிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தொலைவில் எரிந்துகொண்டிருக்கிறது.

அந்த உலையை இம்மண்ணிலேயே மூட்ட இயலுமா என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் எழுப்பிவரும் வினா. அண்மைக் காலத்தில் இதுபற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. வற்றாத மின்சாரம் வந்துவிட்டது என்று சிலரும், இது என்றுமே நிறைவேறாத கனவு என்று சிலரும் பேசுகின்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இலங்கை. அந்நாட்களின் இருளில் பாடம் படித்த மாணவனுக்கும், இன்றும் மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கும் இச்செய்திகளில் எது மெய், எது மிகை என்று அறிவது வீண் ஆவலாகாது.

முதலில், சூரியன் எவ்வாறு எரிகிறது என்பதை நோக்குவோம். சூரியனில் நிகழ்வது விறகு எரிவது போன்ற எரிவு அன்று. அதன் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஐதரசன் அணுக்களின் கருக்கள் ஒன்றோடொன்று மோதிப் பல படிகளில் இணைந்து ஈலியம் என்னும் தனிமத்தின் கருவாகின்றன. இணைந்து பிறக்கும் கருவின் நிறை, இணைந்த கருக்களின் மொத்த நிறையிலும் சற்றுக் குறைவு. குறைந்த அந்நிறையே சக்தியாக வெளிப்படுகிறது. ஐதரசன் ஈலியமாவதே விண்மீன்களின் ஒளிக்குக் காரணமாகலாம் என்று ஆர்தர் எடிங்டன் என்னும் ஆங்கிலேய வானியலறிஞர் 1920இல் எடுத்துரைத்தார். அந்நிகழ்ச்சியின் படிகளை ஹான்ஸ் பெத்தே 1939இல் கணித்து விளக்கினார்.

இதனை அணுமின் நிலையங்களில் நடப்பதோடு குழப்பிக்கொள்ளலாகாது. இன்று உலகில் இயங்கும் அணுமின் நிலையங்கள் யாவும், யுரேனியம் போன்ற பாரமான அணுவின் கருவைப் பிளந்து சக்தி பெறுபவை. அது கருப்பிளவு எனப்படும். இலேசான கருக்களைச் சேர்த்துச் சக்தி பெறுவது கருவிணைவு. பிளப்பது எளிது; சேர்ப்பது அரிது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரமே எழுபது ஆண்டுக் கால உழைப்பாக நீண்டிருக்கிறது.

சேர்ப்பது ஏன் அரிது? அணுக்கருக்கள் யாவும் நேர் மின்னேற்றம் உடையவை. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுதலை மீறி இரு கருக்கள் மிக நெருங்கினாலன்றி இணைவு நிகழாது. நெருங்குவதற்கு அவை மிகுந்த வேகத்துடன் மோதவேண்டும். வேகம் என்பது வெப்பத்தின் மறுபெயர். சூரியனுக்குத் துணையாக அதன் பேரெடை இருக்கிறது. தன் எடையாலேயே தன் மையத்தை அது அழுத்திப் பிடித்திருக்கிறது. அவ்வாறிருந்தும் சூரிய மையத்தின் ஒரு கன மீற்றர், ஏறத்தாழ 280 வாட் அளவே வெப்பம் தருகிறது. தோட்டத்து மூலையில் குவித்து வைத்த குப்பையெரு உள்ளுக்குள் புழுங்கித் தரும் வெப்பத்தோடு ஒப்பிடத்தக்க அளவு அது. சூரியன் அளவிறந்த பெரியது; ஆதலால் அந்த மெல்லிய வெப்பமும் அதற்குப் போதுமானதாகிறது. மனிதன் கட்டும் உலை சிறியது. அது சூரியனைப்போல் மெல்ல எரிந்தால் எவ்விதப் பயனுமில்லை. எனவே மண்ணுலகில் மூட்டும் ஞாயிறு, விண்ணிலுள்ள ஞாயிற்றின் மையத்தைவிடப் பத்து மடங்கு வெப்பமாக, அதாவது 15 கோடி பாகை அளவில் எரிந்தாக வேண்டும்.

இதற்கு ஏற்ற எரிபொருளாக விஞ்ஞானிகள் தேர்ந்தவை ஐதரசனின் இரு வகைகள். ஒன்று பார ஐதரசன் எனப்படும் தூத்தேரியம். கடல்நீரிலேயே அது கலந்திருக்கிறது. ஒரு கன மீற்றர் நீரில் ஏறத்தாழ 33 கிராம் உண்டு. மற்றொன்று திரித்தியம். இவ்விரண்டின் கருக்களும் இணைந்தால் ஓர் ஈலியக் கருவும் ஒரு நியூத்திரனும் பிறக்கின்றன. வெளிப்படும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூத்திரன் சுமந்துகொண்டு வெளியே பாய்கிறது. அதனைச் சுவரில் தடுத்து, அவ்வெப்பத்தால் நீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுழற்றி மின்சாரம் பெறுவதே திட்டம்.

ஆனால் 15 கோடி பாகை வெப்பத்தை எந்தக் கலத்தில் வைப்பது? அவ்வெப்பநிலையைத் தாங்கும் பொருள் உலகில் இல்லை. அங்கே அணுக்கள் அணுக்களாகவே இருப்பதில்லை. இலத்திரன்கள் வேறாகவும் கருக்கள் வேறாகவும் பிரிந்து, பிளாஸ்மா என்னும் நான்காம் நிலையை எய்துகின்றன. மின்னல் கீற்றும் ஒரு பிளாஸ்மாவே. மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தப் புலத்தின் கோடுகளைச் சுற்றிச் சுழலும் இயல்புடையவை. ஆதலால், சுவரைத் தொடாதபடி காந்தப் புலத்தாலேயே அதனை ஏந்தி நிறுத்த இயலும். உளுந்து வடையைப்போல நடுவே துளையுள்ள வளையக் கூடொன்றைக் கட்டி, சுற்றிலும் வலிய காந்தச் சுருள்களை அமைத்து, உள்ளே பிளாஸ்மாவை ஓடவிடுவது ஒரு முறை. சோவியத் விஞ்ஞானிகள் 1950களில் வகுத்த இவ்வமைப்புக்கு டோக்கமாக் என்று பெயர்.

ஏந்தி நிறுத்தினால் மட்டும் போதுமா? மழைக்காலத்தில் ஈர விறகைக் கொண்டு அடுப்பு மூட்டுவோர் இதனை நன்கு அறிவர். தொடக்கச் சூடு போதாவிட்டால் விறகு பற்றாது. விறகுகள் நெருங்கி அடுக்கப்படாவிட்டால் ஒன்றின் சூடு மற்றொன்றை எட்டாது. அடுப்பு காற்றுக்குத் திறந்து கிடந்தால் பிறந்த சூடு நிலைக்குமுன் பறந்துவிடும். சூடு, நெருக்கம், சூட்டைக் காக்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால்தான் நெருப்பு தன்னைத் தானே வளர்க்கும். கருவிணைவுக்கும் இம்மூன்றே தேவை. இம்மூன்றும் எந்த அளவில் கூடவேண்டும் என்பதை ஜான் லோசன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1955இல் கணக்கிட்டார். அவர் கணக்கே இன்றுவரை இத்துறையின் அளவுகோலாக இருந்துவருகிறது.

அதே 1955ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு பற்றிய முதல் சர்வதேச மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா. இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் கருவிணைவுச் சக்தியைக் கட்டுப்படுத்தும் வழி கண்டறியப்படும் என்று அவர் அம்மேடையில் எதிர்பார்ப்புத் தெரிவித்தார். அந்த இருபது ஆண்டுகள் கடந்து, மேலும் இரு தலைமுறைகள் கடந்துவிட்டன. 1958 ஜனவரியில் இங்கிலாந்தில் ஸீற்றா என்னும் பொறியில் கருவிணைவு நிகழ்ந்துவிட்டதாகப் பெரும் ஆரவாரத்துடன் அறிவித்தனர். சில மாதங்களிலேயே அது தவறான முடிவு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பத்தாண்டுகள் சென்றபின் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டோக்கமாக் பொறியில் பெற்ற உயர் வெப்பநிலையை 1968இல் வெளியிட்டபோது, மேலை நாட்டார் எளிதில் நம்பவில்லை. பனிப்போர்க் காலமாயிருந்தும் பிரித்தானிய விஞ்ஞானிகள் தமது லேசர் கருவியுடன் மொஸ்கோ சென்று 1969இல் அளந்து பார்த்தனர். சோவியத் கணக்குச் சரியென்றே கண்டனர். அன்று முதல் டோக்கமாக் உலகெங்கும் பரவியது. இத்துறையில் அறிவிப்பைவிட அளவைக்கே மதிப்பு என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாகும்.

இனி, அண்மைக் காலத்து வெற்றிகளை எடைபோடுவோம். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சக்தியை விஞ்ஞானிகள் மெகாயூல் கணக்கில் கூறுவர். மின்கட்டணச் சீட்டில் ஓர் அலகு என்று குறிப்பது 3.6 மெகாயூல் ஆகும். இதனை நினைவிற்கொண்டால் செய்தித்தாள்களின் பெருஞ்சொற்கள் யாவும் வீட்டுக் கணக்காகிவிடும்.

இங்கிலாந்தின் கல்ஹாமில் ஐரோப்பிய நாடுகள் கூடிக் கட்டிய ஜெட் என்னும் டோக்கமாக் 1983 முதல் 2023 டிசம்பர் வரை இயங்கியது. 1997இல் அது 16 மெகாவாட் இணைவுச் சக்தியைச் சில கணங்களுக்குத் தந்தது. அப்போது பிளாஸ்மாவைச் சூடேற்றச் செலுத்தியது 24 மெகாவாட். அதாவது, இட்டதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று. தன் இறுதி ஆண்டில், 2023 அக்டோபர் 3ஆம் நாள், ஐந்து வினாடியளவில் 69 மெகாயூல் சக்தியை அது வெளியிட்டது. அதற்குச் செலவான எரிபொருள் ஒரு கிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதே வெப்பத்தை உலர்ந்த விறகிலிருந்து பெற நான்கு அல்லது ஐந்து கிலோ எரித்தாக வேண்டும். எரிபொருளின் ஆற்றலை எண்ணினால் இது வியப்புக்குரியது. மின்கணக்கில் எண்ணினாலோ, 69 மெகாயூல் என்பது 19 அலகு. அதுவும் வெப்பமாகவே, மின்சாரமாக அன்று. பிளாஸ்மாவைச் சூடேற்றச் செலுத்திய சக்தி அதனினும் அதிகம்.

மற்றொரு வெற்றி அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆராய்ச்சிக்கூடத்தில் நிகழ்ந்தது. அங்கே காந்தத்தைப் பயன்படுத்துவதில்லை. மிளகளவான எரிபொருள் உருண்டை ஒன்றைச் சிறு பொற்குழலில் வைத்து, 192 லேசர் கதிர்களை ஒரே கணத்தில் குழலினுள் பாய்ச்சுகின்றனர். உருண்டை நாற்புறமும் நசுங்கி, சிதறுமுன் எரிகிறது. 2022 டிசம்பர் 5ஆம் நாள் 2.05 மெகாயூல் லேசர் சக்தியைச் செலுத்தி 3.15 மெகாயூல் பெற்றனர். எரிபொருளின்மேல் செலுத்தியதைவிட இணைவினால் வெளிவந்தது மிகுதியாக இருந்தது ஆய்வுக்கூட வரலாற்றில் அதுவே முதன்முறை. 2025 ஏப்ரலில் அவ்வளவு 8.6 மெகாயூலாக உயர்ந்தது. கருவிணைவு இயற்கை விதிக்கு உட்பட்டு மனிதன் கையால் மூட்டத்தக்கதே என்பதில் இதன்பின் ஐயத்துக்கு இடமில்லை.

ஆயின் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டவேண்டும். 3.15 மெகாயூல் என்பது ஓர் அலகுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒன்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அறுபது கோப்பைத் தேநீர் தயாரிக்கப் போதுமானது. அந்த 2.05 மெகாயூல் லேசர் ஒளியைப் பிறப்பிக்க, லேசர்ப் பொறிகள் மின்தொகுதியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாயூல். அதாவது 83 அலகு. வாசலில் 83 அலகு நுழைய, அடுப்பில் ஓர் அலகுக்கும் குறைவாகப் பிறந்தது. விஞ்ஞானிகள் பொய் கூறவில்லை. அவர்கள் கணக்கின் எல்லையை எரிபொருள் உருண்டையைச் சுற்றி வரைந்தனர். மின்சாரம் வாங்குவோன் அவ்வெல்லையை நிலையத்தின் வாசலைச் சுற்றி வரைகிறான். கருவிணைவு பற்றிய எந்தச் செய்தியைக் கேட்டாலும், கணக்கின் எல்லை எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று வினவுவதே அறிவுடைமை.

அடுத்த வினா, எவ்வளவு நேரம் என்பது. லேசர் முறையில் வினாடிக்குப் பலமுறை உருண்டைகளை எரித்தாலன்றி மின்நிலையம் ஆகாது. லிவர்மோரில் வெடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் இடையே பல மணி நேர ஆயத்தம் தேவைப்படுகிறது. காந்த முறையில் நேரம் நீண்டு வருகிறது. சீனாவின் ஈஸ்ட் என்னும் டோக்கமாக் 2025 ஜனவரியில் பிளாஸ்மாவை 1,066 வினாடிகள் நிலைநிறுத்தியது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் என்னும் பொறி 1,337 வினாடிகள், அதாவது 22 நிமிடங்கள், நிலைநிறுத்திற்று. எனினும் இவ்விரு பொறிகளிலும் திரித்திய எரிபொருள் இடப்படவில்லை. அடுப்பின் வாயை அடைத்துச் சூட்டைக் காக்கும் கலை கைவந்தது. விறகிட்டு எரிப்பது இனிமேல்தான்.

இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கவே பிரான்சின் தென்பகுதியில் கடராஷ் என்னுமிடத்தில் ஈட்டர் என்னும் பேருலை எழுந்துவருகிறது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வழி என்பது பொருள். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகிய எழுவரும் 2006 நவம்பரில் இதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 50 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்குச் செலுத்தி 500 மெகாவாட் பெறுவது இதன் குறிக்கோள். அதன் நடுவே 15 கோடி பாகையில் பிளாஸ்மா சுழலும். சில மீற்றர் தள்ளி, காந்தச் சுருள்கள் சைபருக்குக் கீழே 269 பாகைக் குளிரில் வைக்கப்பட்டிருக்கும். இவ்வளவு வெம்மையும் இவ்வளவு குளிரும் அருகருகே அமைந்த வேறோரிடம் காண்பது அரிது. கட்டுமானம் பலமுறை தடைப்பட்டது. 2025இல் தொடங்குவதாயிருந்த உலையின் பாகங்களில் விரிசல்களும் அளவுப் பிழைகளும் காணப்பட்டதால், 2024 ஜூலையில் புதிய கால அட்டவணை வெளியிடப்பட்டது. அதன்படி ஆராய்ச்சி இயக்கம் 2034இலும், தூத்தேரியமும் திரித்தியமும் இட்டு எரிப்பது 2039இலும் தொடங்கும். அப்போதும் ஈட்டர் ஒரு விளக்கையேனும் ஏற்றப்போவதில்லை. அது ஆராய்ச்சி உலை. மின்சாரம் பிறப்பிக்கும் சுழலி அதில் இல்லை.

இம்முயற்சியில் அண்டை நாடாகிய இந்தியாவின் பங்கு சிறிதன்று. குஜராத்தின் காந்திநகர் அருகே 1986இல் நிறுவப்பெற்ற பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம், 1989இல் தன் முதல் டோக்கமாக்கை இயக்கியது. அதற்கு இட்ட பெயர் ஆதித்யா. ஞாயிற்றின் பெயர்களில் ஒன்று. ஈட்டர் உலை முழுவதையும் வெற்றிடத்தில் மூடி வைக்கும் மாபெரும் உருக்குக் கலம் குஜராத்தின் ஹசீராவில் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பலேறிச் சென்றது. அதன் உயரமும் அகலமும் தனித்தனியே 29 மீற்றர் அளவின. நிறை 3,800 தொன்னுக்கு மேல். தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்குகொண்டது. நியூத்திரன் தாக்குதலைத் தாங்கவும், கதிரியக்கம் விரைவில் தணியவும் தக்க தனிவகை உருக்கு ஒன்றை அந்நிலையத்தார் காந்திநகர் நிலையத்தாரோடு கூடி உருவாக்கியுள்ளனர்.

உருக்குக்கு ஏன் இத்தனை கவலை? மின்னேற்றமில்லாத நியூத்திரனைக் காந்தம் தடுக்காது. அது நேரே சுவரில் மோதி, உலோகத்தின் அணுக்களை இடம்பெயர்க்கிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அடிபட்ட சுவர் நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஒரு மின்நிலையத்தின் வாழ்நாள் முழுவதும் நின்றுபிடிக்கும் சுவரை இதுவரை எவரும் சோதித்து மெய்ப்பிக்கவில்லை. இது முதல் இடர்.

இரண்டாம் இடர் எரிபொருள். கடல்நீரில் உள்ளது தூத்தேரியமே, திரித்தியம் அன்று. திரித்தியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் பாதியாகத் தேய்ந்து போகும் கதிரியக்கப் பொருள். இயற்கையில் திரட்டத்தக்க அளவில் இல்லை. பொதுப் பயனுக்குக் கிடைப்பது உலகெங்கும் சேர்த்துச் சில பத்துக் கிலோ அளவே. 1,000 மெகாவாட் இணைவுச் சக்தியை ஓராண்டு இடைவிடாது பெற ஏறத்தாழ 55 கிலோ திரித்தியம் எரிய வேண்டும். ஆகவே உலையே தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டியுள்ளது. சுவருக்குப் பின்னால் இலித்தியம் என்னும் உலோகத்தை வைத்தால், பாய்ந்துவரும் நியூத்திரன் அதனைத் திரித்தியமாக்கும். விதைநெல்லை உண்டுவிடாது அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் உழவனின் கணக்கு இது. எரிந்த ஒவ்வொரு திரித்தியத்துக்கும் குறைந்தது ஒன்றேனும் விளைந்தாக வேண்டும். முழு அளவில் இவ்விளைச்சல் எங்கும் இன்னும் நடந்து காட்டப்படவில்லை.

இவ்விடர்களோடு நன்மைகளையும் சொல்வது முறை. கருவிணைவு உலையில் ஒரு வேளையில் இருக்கும் எரிபொருள் சில கிராமுக்கு மேற்படாது. ஏதேனும் பழுது நேர்ந்தால் பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துவிடுமேயன்றி, கட்டுக்கடங்காமல் பெருகாது. பல்லாயிரம் ஆண்டுகள் காவல் காக்கவேண்டிய கழிவும் கருப்பிளவு உலைகளில் போலச் சேர்வதில்லை. எனினும் அடிபட்ட சுவரும் திரித்தியமும் கதிரியக்கம் உடையவையாதலால், கண்காணிப்பு வேண்டாத சக்தி என்று இதனைச் சொல்லிவிட முடியாது. அரசாங்கங்கள் மட்டுமன்றித் தனியார் நிறுவனங்களும் இப்போது களத்தில் இறங்கியுள்ளன. அமெரிக்க நிறுவனம் ஒன்று 2021 செப்டம்பரில் 20 டெஸ்லா வலிமையுள்ள மீகடத்திக் காந்தத்தைச் செய்து காட்டியது. காந்தம் வலுத்தால் உலை சுருங்கும். உலை சுருங்கினால் செலவும் காலமும் குறையக்கூடும் என்பது அவர்தம் நம்பிக்கை. நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. முடிவு இன்னும் உலையிலிருந்து வரவில்லை.

இங்கே ஊவாவின் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெலிமடைப் பக்கத்தில் உமா ஓயாவையும் அதன் கிளையையும் புகுல்பொல, டயரபா ஆகிய இரு அணைகளால் தேக்கி, 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்க வழியே கொண்டுசென்று, மலையின் அடிவயிற்றில் கரந்தகொல்லையில் ஏறத்தாழ 700 மீற்றர் வீழ்த்தி, 120 மெகாவாட் மின்சாரம் பெறுகின்றனர். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் அந்நிலையம் திறந்துவைக்கப்பட்டது. ஜெட் உலை ஐந்து வினாடியில் தந்த 69 மெகாயூலை இந்நிலையம் முழு அளவில் ஓடும்போது ஒரு வினாடியில் ஐந்தில் மூன்று பங்குக் காலத்தில், அதுவும் மின்சாரமாகவே, தந்துவிடும். ஈட்டரோ, இயங்குவதற்கே 110 மெகாவாட் தொடங்கி உச்ச வேளைகளில் 620 மெகாவாட் வரை மின்சாரம் கேட்கும். அது முழு வெற்றியோடு எரிந்து, பெறும் வெப்பத்தை மின்சாரமாக்கினாலும், வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகும் என்பதை எண்ணினால், வரவும் செலவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.

ஆயின் உமா ஓயாவின் மின்சாரமும் விலையின்றி வந்ததன்று. 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. அதனைத் தொடர்ந்து பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. விளக்கெரியும் ஊர் ஒன்று, தண்ணீர் வற்றிய கிணறு வேறொன்று. திட்ட வரைபடத்தில் மலைக்குள்ளிருந்த நீர் எந்த வரவு செலவிலும் சேரவில்லை. கிணற்றின் உடையவனுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. கணக்கின் எல்லையை எங்கே வரைவது என்ற வினா லிவர்மோருக்கு மட்டும் உரியதன்று, பண்டாரவளைக்கும் உரியது.

மலைநாட்டுத் தோட்டங்களில் நூறாண்டுகளுக்கு முன்னர் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் பொறிகள் இயங்கின. தோட்டத்து ஓடையே தொழிற்சாலையின் உருட்டுப் பொறியைச் சுழற்றிற்று. தேசிய மின்தொகுதி வந்து சேர்ந்தபின் அவற்றுட் பல கைவிடப்பட்டுத் துருவேறின. 1990களில் சிலவற்றுக்கு மீண்டும் உயிரூட்டினர். பெரிய விளக்கு வருகிறது என்ற செய்தி கேட்டு, கையிலிருந்த சிறிய விளக்கை அணைத்துவிட்ட கதை அது. கருவிணைவைக் காத்திருக்கும் காலத்தில் இக்கதை மறக்கத்தக்கதன்று. ஓடைநீர், கூரைமேல் வெயில், மலைக்காற்று, திட்டமிட்டு நட்டு வெட்டும் விறகு மரம் ஆகியவை இன்றைய தேவைக்கு இன்றே கிடைப்பன.

அப்படியாயின், கருவிணைவு ஆராய்ச்சியின் இன்றைய நிலையை எவ்வாறு தொகுத்துரைப்பது? நெருப்பு மூட்ட இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதனை நிமிடக் கணக்கில் ஏந்தி நிறுத்தவும் இயலும் என்பது காட்டப்பட்டுவிட்டது. மூட்டிய நெருப்பை நிறுத்தி வைத்து, அதன் எரிபொருளை அதிலேயே விளைவித்து, அதன் சுவரைக் காத்து, வாசலில் நுழைந்ததைவிட அதிகமான மின்சாரத்தை வாசல்வழியே வெளியனுப்புவது எஞ்சியிருக்கிறது. ஈட்டரின் கணக்குப்படி பார்த்தால், திரித்தியமிட்டு அங்கே எரிக்கும் நாளில் இன்று பசறையிலும் மடுல்சீமையிலும் பாலர் வகுப்பில் அரிச்சுவடி பயிலும் குழந்தைகள் இளைஞராயிருப்பர். அவ்வுலையின் அளவைகளைச் சரிபார்க்க அன்று ஆட்கள் தேவைப்படுவர். மொஸ்கோவுக்குக் கருவியோடு சென்றவர்களைப்போல, அறிவிப்பை நம்பாமலும் இகழாமலும் தாமே அளந்து பார்க்கும் பயிற்சியே அதற்கு வேண்டிய முதல். அப்பயிற்சியை, வீட்டுச் சுவரில் தொங்கும் மின்மானியின் எண்களைப் படித்துக் கணக்கிடுவதிலிருந்தே ஒரு குழந்தை தொடங்கலாம்.